மெதுவாகத்தான் சாய்ந்தது

ஜூன் 9, திங்கள்

காலையில் இரண்டாம் நம்பர் லாரியின் ஹோஸ் மறுபடி கிழிந்தது. கோபு அதன்மேல் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மெண்டில் பாதித் தண்ணீர் தெருவில் ஓடியிருக்கிறது. அங்கிருந்து ஒரு அம்மாள் போன் போட்டுக் கால் மணி நேரம் திட்டினாள். திட்டி முடித்த கையோடு, "உங்க சன் விஷயம் கேள்விப்பட்டோம், சாரி" என்றாள். ஒரே மூச்சில் இரண்டும். எனக்கு அந்த முதல் பாதிதான் பிடித்திருந்தது. அதிலாவது நடிப்பு இல்லை.

இந்த நோட்டு வினிதா வாங்கிக்கொடுத்தது. "பேசவும் மாட்டேன்ற, அழவும் மாட்டேன்ற. எழுதவாவது எழுதுப்பா" என்றாள். மகள் சொன்னாள் என்று எழுதுகிறேன். யாருக்கு என்று தெரியவில்லை.

தட்சிணாமூர்த்தி. வயது அறுபது. செம்பாக்கம் ஏரிக்குக் கீழே என் அப்பா நெல் போட்டார். நான் அதே நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை லாரியில் ஏற்றி விற்கிறேன். மூன்று லாரி. மனைவி செல்வம்மாள். மகள் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. மகன் சூர்யா ராணுவத்தில் டிரைவர். போன செப்டம்பர் மூன்றாம் தேதி தெற்கு சூடானில், ஐ.நா. அமைதிப்படை முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோன லாரி கவிழ்ந்து செத்தான். இருபத்துநாலு வயது.

தண்ணி லாரி! அதை ஓட்டவா ஆப்பிரிக்கா போனான்? இங்கே வாசலிலேயே மூன்று நிற்கிறதே.

ஜூன் 11, புதன்

பஸ் ஸ்டாப்பில் சூர்யாவுக்குக் கட்டின அஞ்சலி பேனர் இன்னும் இருக்கிறது. வெயிலில் அவன் முகம் வெளுத்துவிட்டது. கீழே கும்பிடுகிறவர்களின் முகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அவனுக்கு லாரி கற்றுக்கொடுத்தது நான். பதினைந்து வயதில். தப்புதான், சட்டப்படி. அப்போது ஏரிக்கரைப் பாதையில் இவ்வளவு வீடு கிடையாது. முதல் நாளே கிளட்சை விட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் நம்ம ரத்தம் என்று. டேங்க் ரொம்பி இருந்தால் எப்படித் திரும்பணும், பாதி இருந்தால் தண்ணீர் உள்ளே அலையடித்து வண்டியை எப்படித் தள்ளும், எல்லாம் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வண்டி பேசும் அவனிடம்.

தொழில் வித்தைகளும் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வேலையில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இறங்கணும், ஏறணும். சீட் பெல்ட்டை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் பொழுது அதிலேயே போய்விடும். ஆனால் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் போலீஸ் நிற்பான். அதனால் பெல்ட்டை இழுத்து மார்மேல் போட்டு, கொக்கியைப் பூட்டாமல் தொடைக்கடியில் சொருகிக்கொள்வது. வெளியே இருந்து பார்த்தால் மாட்டின மாதிரியே இருக்கும். சிக்னல் தாண்டினதும் தொடையைத் தூக்கினால் போச்சு. ஒருநாள் கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்து, "பையன் ஒழுங்கா கீறானே, நீதான்யா எப்பவும் டிமிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் போய் அப்பனும் பிள்ளையும் சிரித்த சிரிப்பு.

அப்படிப்பட்டவன் 'வாகனத்தின் கட்டுப்பாட்டை இழந்தான்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டுநர் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். உடன் இருந்த வீரர் ஜெஃப்ரி, தோள் எலும்பு முறிவு.

ஒரே லாரி. ஒரே கேபின். ஒருத்தனுக்குத் தோள் எலும்பு, ஒருத்தனுக்கு உயிர். இதை நான் நம்பணுமாம்.

ஜூன் 16, திங்கள்

அந்த ஜெஃப்ரிதான் ஓட்டியிருக்கிறான். நேற்று எழுதும்போது இல்லாத தெளிவு இன்று காலை பல் விளக்கும்போது வந்தது. செத்தவன் வாயைத் திறக்கமாட்டான் என்று அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

மனு எழுதினேன். டெல்லிக்கு ஒன்று, அவன் ரெஜிமெண்டுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. ஓட்டியது என் மகன் அல்ல, ஜெஃப்ரி என்று எனக்கு உறுதியான சந்தேகம் இருக்கிறது, மறு விசாரணை வேண்டும் என்று.

வினிதாதான் டைப் அடித்தாள். "உறுதியான சந்தேகம்னா இன்னாப்பா? ஒண்ணு உறுதி, இல்லாட்டி சந்தேகம்" என்றாள்.

"அடி" என்றேன்.

"அந்த ஜெஃப்ரி பல்லாவரம் பையன்பா. பாடியோட அவன்தான் வந்தான். கையில கட்டோட வெயில்ல நின்னுகினு இருந்தான், நீ பாக்கல."

பார்த்தேன். நின்றான். என் பிள்ளை படுத்திருந்தான்.

ஜூலை 6, ஞாயிறு

குடியிருப்போர் நலச்சங்கத்தில் கூப்பிட்டார்கள். செயலாளர் ஸ்ரீரங்கன் பேங்கில் ரிடையர் ஆனவர். நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம். ஏரிக்கரை நடைபாதைக்குச் சூர்யா பேர் வைத்து, நினைவுநாளில் ஒரு கல் நிறுத்தப்போகிறார்களாம். வாசகத்தைப் படித்துக் காட்டினார். 'தாய்நாட்டுக்காக எதிரிகளுடன் போரிட்டு வீரமரணம் எய்திய எங்கள் செம்பாக்கத்து சிங்கம்.'

"எந்த எதிரி சார்?" என்றேன்.

"ஒரு ஃப்ளோல எழுதினது, தட்சிணாமூர்த்தி சார்."

"அங்க இவங்க யாரோடயும் சண்டைக்குப் போகல. சண்டை போடாம பாத்துக்கத்தான் போனாங்க. என் பையன் தண்ணி எடுத்துகினு போனான்."

"பசங்க படிச்சா ஒரு இன்ஸ்பிரேஷன் வேணாமா சார்?"

தண்ணீர் கொண்டுபோனவன் செத்தால் அது கௌரவம் இல்லையாம். துப்பாக்கி வேண்டியிருக்கிறது இவர்களுக்கு. இவர்கள் சம்ப் தொட்டியில் ஒருநாள் தண்ணீர் இல்லை என்றால் எனக்கு எத்தனை போன் வரும் தெரியுமா? விசாரணை முடியட்டும், அப்புறம் கல்லைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் கொடுத்த காபி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஜூலை 13, ஞாயிறு

அவன் டிரங்குப் பெட்டி. கறுப்புத் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் நம்பரும் பேரும். வந்த நாளிலிருந்து செல்வம்மாள் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்திருக்கிறாள். ஆதாரம் ஏதாவது கிடைக்கும் என்று கேட்டு வாங்கித் திறந்தேன். ஐ.நா.வின் நீலத் தொப்பி, கூலிங்கிளாஸ், பாதி தீர்ந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், அந்த ஊர்ப் பெண் யாரோ பின்னிக்கொடுத்த பாசிமணி வளையம். ஆதாரம் எதுவும் இல்லை.

"போலீஸ்காரன் மாதிரி கொடையாத. அது என் புள்ள துணி" என்றாள். ஊறுகாய் பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினாள். அவள் போட்டுக் கொடுத்தனுப்பிய ஊறுகாய்.

அவளுக்கு என்மேல் கோபம் இருக்கிறது. அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது ஒரு வருஷம் நான் அவனோடு பேசவில்லை. லாரியை யாரிடம் கொடுப்பது என்று எனக்கு ஆத்திரம். அந்த ஒரு வருஷத்தை இவள் என் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஜூலை 28, திங்கள்

பதில் வந்துவிட்டது! மனு ஏற்கப்பட்டது. ஜெஃப்ரியிடம் மறுபடி வாக்குமூலம் வாங்குவார்களாம். முடியும்வரை அவன் பதவி உயர்வு நிறுத்திவைப்பு.

மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். எத்தனை மாதம் ஆயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெஃப்ரி வந்தான்.

பதினோரு மணி இருக்கும். செல்வம்மாள் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கிணற்று மோட்டாரடியில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டைத் திறந்து ஒரு பையன் வந்தான், முடி ஒட்ட வெட்டி, ஒரு தோள் கொஞ்சம் இறங்கி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நைனா" என்றான். சூர்யா என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"அப்டி கூப்புடாத."

"சரி சார்."

உள்ளே கூப்பிடவில்லை. மோட்டார் ஷெட்டில் கிடந்த பிளாஸ்டிக் சேரைக் காட்டினேன். லீவில் வந்திருக்கிறானாம். மறுவிசாரணைக்குப் போகும் முன்னால் என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தானாம்.

"நீதான் ஓட்டின" என்றேன்.

"இல்ல சார். சூர்யாதான் ஓட்னான்." கோபமே படாமல் சொன்னான். "எனுக்கு பெரிய வண்டி லைசென்சே கிடையாது. நான் கூடப் போற காவலு."

"அப்போ எப்டி கவுந்துது? டேங்க் பாதியா, ரொப்பமா?"

"ரொப்பம் சார். ஆத்தாண்ட ரொப்பிகினு கேம்ப்புக்குத் திரும்புறோம். மொத நாள் மழை. செகப்பு மண்ணு, வழவழன்னு கீது. மாட்டுக்காரப் பசங்க மாடு ஓட்டிகினு வந்தாங்க. ஒரு கன்னுக்குட்டி குறுக்க வந்துட்சி. சூர்யா பிரேக்கைக் குத்தல சார். குத்துனா சறுக்கும்னு தெரியும் அவனுக்கு. அழகா ஓரம் கட்னான். கன்னுக்குட்டி பொழச்சிது. வண்டியும் நின்னுட்சி."

"நின்னுட்சா?"

"நின்னுட்சி சார். நின்ன பின்னாடிதான் பின் சக்கரம் ஓரத்துல எறங்குது. மண்ணு பொதபொதன்னு போய்கினே கீது. மெதுவாத்தான் சாஞ்சிது. எவ்ளோ மெதுவான்னா, 'டேய் போவுதுடா மச்சான்'னு அவன் சொல்றான், எனுக்கு நல்லா கேக்குது. நான் பெல்ட்ல தொங்கறேன். அவன் இல்ல. சூடுன்னு கதவுக் கண்ணாடி எறக்கி வுட்டு இருந்தோம். வெளிய வுழுந்துட்டான். வண்டி அவன் மேல..."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. டேங்க் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் நிறுத்தினேன்.

"பெல்ட் போடலையா அவன்?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுடா."

"போட்டா மாதிரி இருந்தான் சார்."

எப்படி என்று கேட்டேன். வாயால் சொல்லாமல் செய்து காட்டினான். சேரில் உட்கார்ந்தபடியே, தோளுக்குமேல் இல்லாத ஒரு பெல்ட்டை இழுத்தான். மார் குறுக்கே கொண்டுவந்தான். கையைத் தொடைக்கடியில் சொருகினான். உட்கார்ந்த இடத்தில் லேசாக ஒரு அசைப்பு, சொருகினது நழுவாமல் இருக்க.

அந்த அசைப்பு என்னுடையது. முப்பது வருஷமாக நான் செய்வது.

"கேம்ப் கேட்ல செக்கிங் இருக்கும் சார். பெல்ட் இல்லாட்டி வண்டிய வுட மாட்டாங்க. அதுக்கோசரம் அப்டி. நான் சண்ட போடுவேன். 'எங்க நைனா டெக்னிக் மச்சான், செம்பாக்கம் ஸ்பெஷல். லாரி கவுந்தா குதிக்கணும், பெல்ட் கட்னவன் உள்ளயே மாட்டிக்குவான்'னு சிரிப்பான்."

ஆமாம். அதையும் நான்தான் சொன்னேன். அதே வார்த்தை.

விசாரணையில் பெல்ட் போட்டிருந்தானா என்று கேட்டார்களாம். போட்டிருந்தான் என்று இவன் சொல்லியிருக்கிறான். "இல்லன்னு சொன்னா செத்தவன் மேல தப்புன்னு எழுதுவாங்க சார். மனசு வரல." பூட்டு கழன்றிருக்கலாம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். இப்போது என் மனுவால் மறுபடி கேட்கப்போகிறார்கள். பழைய பொய்யையே சொன்னால், பெல்ட் போட்டவன் எப்படி வெளியே விழுந்தான், அப்போது ஓட்டினது நீதானே என்பார்கள். உண்மையைச் சொன்னால் முதலில் ஏன் பொய் சொன்னாய் என்பார்கள்.

"நான் இன்னா சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க சார். நீங்க சொல்றத சொல்றேன்."

நான் எழுந்து வழிந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ள ஆரம்பித்தேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டு.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. பொய். இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

வீடியோ கால். போன ஆகஸ்ட். வண்டியைக் காட்டறேன் நைனா என்று கேபினுக்குள் உட்கார்ந்து போனைத் திருப்பினான். வெள்ளை லாரி, கதவில் யு.என். என்று கறுப்பு எழுத்து. இங்க எல்லாம் ரோட்ல வலது பக்கம் ஓட்டணும் நைனா, ரெண்டே நாள்ல பழகிட்டேன் என்றான். அப்புறம் கீழே காட்டினான். தொடையை. கண்ணடித்தான்.

நான் சிரிச்சேன். "அங்கயும் நம்ம வேலையாடா, படவா"ன்னு கேட்டு சிரிச்சேன்.

ஒரு வார்த்தை. மாட்டுடான்னு ஒரே ஒரு வார்த்தை. வாயில இன்னா இருந்துது எனக்கு? ஒரு வருஷம் பேசாம இருந்தவன், பேச ஆரம்பிச்சதும் இதுக்கா சிரிக்கணும்? அவன் என்னைச் சிரிக்க வைக்கத்தான் காட்டினான். அப்பன் பழைய கோபத்தை மறந்துட்டானான்னு பார்க்கத்தான் காட்டினான். எனக்கு இப்போ தெரியுது. போட்டா மாதிரி. போட்டா மாதிரி—

லாரி நின்னுட்சாம். நின்ன வண்டியிலேர்ந்து வுழுந்து செத்திருக்கான் என் புள்ள.

ஆகஸ்ட் 11, திங்கள்

மனுவை வாபஸ் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியே விட்டால் ஜெஃப்ரி பழைய பொய்யையே சொல்வான். பழி அவன்மேல் போகும். என் பிள்ளை சுத்தம். நானும் சுத்தம். இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒருதரம் வந்து போகவில்லை. ஐந்தாறு நாளாகக் கூடவே இருக்கிறது, ராத்திரி தூக்கமும் நன்றாக வருகிறது. வெட்கங்கெட்டவன்.

கோபு லாரியைக் கிளப்பும்போது பெல்ட்டைப் போடு என்றேன். சிரித்துக்கொண்டே இழுத்துத் தொடைக்கடியில் வைத்தான். கதவைத் திறந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"இன்னா மொதலாளி? நீதான கத்துக் குட்த்த?" என்றான். இருபது வருஷமாக என்னிடம் ஓட்டுகிறவன். மிரண்டுபோய்விட்டான்.

எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்? பெரிய வாத்தியார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஏரிக்கரைப் பூங்காவில் கொடி ஏற்றினார்கள். வரமாட்டேன் என்றேன், ஸ்ரீரங்கன் காரோடு வந்து நின்றுவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். "இந்த மாதிரி ஒரு பிள்ளையை வளர்த்த தகப்பனாருக்கு" என்று மைக்கில் சொன்னார். வளர்த்த. எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டத்துக்குப் பின்னால், ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும் அதே கான்ஸ்டபிள் பந்தோபஸ்துக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்து சல்யூட் வைத்தார்.

பொன்னாடையை அங்கேயே சேரில் போட்டுவிட்டு நடந்து வந்துவிட்டேன். சாயங்காலம் யாரோ மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்களிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுதினேன். 'வண்டியை ஓட்டியது என் மகன் சூர்யாதான். அது எனக்கு இப்போது தெரியும். ஜெஃப்ரிமீது நான் சொன்னது பொய். என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பையனுக்கு வரவேண்டியதை நிறுத்த வேண்டாம்.' பெல்ட்டைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் ஜெஃப்ரியின் பொய் வெளியே வரும். என் பிள்ளைக்காகச் சொன்ன பொய் அது, அதைக் காட்டிக்கொடுக்கும் உரிமை எனக்குக் கிடையாது. இப்படி எழுதும்போது நான் பெரிய மனிதன் மாதிரி இருக்கிறது. எனக்கும் அது வசதி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வினிதா டைப் அடித்தாள். முடித்துவிட்டு, "எப்டிப்பா தெரியும்?" என்றாள். சொன்னேன். முழுக்க. வீடியோ காலையும்.

லேப்டாப்பை மூடினாள். அப்புறம், "அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஜெஃப்ரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சரி சார்" என்றான். "நைனான்னே கூப்புடு" என்று சொல்ல நினைத்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?

ஆகஸ்ட் 20, புதன்

செல்வம்மாளிடம் சொன்னேன். பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். கை நிற்கவில்லை அவளுக்கு. செதில் பறந்துகொண்டே இருந்தது. நான் சிரித்ததைச் சொன்னபோது நின்றது.

"மெதுவாத்தான் சாஞ்சிதுன்னா சொன்னான்?"

"ஆமா."

"அந்தப் புள்ளைக்குத் தோளு மட்டும்தான்?"

"ஆமா."

அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மீன் அப்படியே கிடந்தது. நான் ஆய்ந்து வைத்தேன். அவள் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பேசவில்லை. சோறு வைக்கிறாள், தட்டைத் தள்ளுகிறாள். திட்டினால் தேவலை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருப் பிள்ளையார் டிராக்டரில் வந்தார். துக்க வீடு என்று எங்கள் வாசலில் நிற்காமல் மேளத்தையும் நிறுத்திக்கொண்டு போனார்கள். டிராக்டரை ஓட்டினவன் மடியில் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தான். கத்தினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 30, சனி

மூன்று லாரி டிரைவர்களையும் நிற்க வைத்துச் சொன்னேன். சூர்யா எப்படிச் செத்தான் என்று. யாரிடம் கற்றான் என்று. சுருக்கமாகத்தான். கோபு அழுதான். அவனும் சூர்யாவைத் தூக்கி வளர்த்தவன். "இனிமே மாட்டிக்கறேன் மொதலாளி" என்றான். மாட்டுவானா? பத்து நாள் மாட்டுவான். பதினோராவது நாளும் நான் போய்ப் பார்ப்பேன்.

ஸ்ரீரங்கன் வீட்டுக்குப் போய்க் கல்லின் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். 'சூர்யா, 2000–2024. அமைதிப்படையில் தண்ணீர் கொண்டு செல்லும்போது லாரி கவிழ்ந்து இறந்தார். ஒரு கன்றுக்குட்டியைக் காப்பாற்றினார்.'

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லுல கன்னுக்குட்டி எல்லாம் போடுவாங்களா சார்?"

"நடந்தது அதான் சார். அது ஒண்ணுதான் நான் கத்துக் குடுக்காதது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் பழைய வாசகத்தில் சிங்கத்தைப் பேனாவால் அடித்துவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

கல் நிறுத்தினார்கள். பத்து மணிக்கு. ஜெஃப்ரி யூனிஃபார்மில் வந்து சல்யூட் அடித்தான். பதவி உயர்வு வந்துவிட்டதாம். செல்வம்மாள் அவன் பக்கத்தில் போய் நின்று, இறங்கின தோளைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை. கையில் வைத்திருந்த பையைக் கொடுத்தாள். எலுமிச்சை ஊறுகாய்.

என்னிடம் இன்றோடு பதினாலு நாள் பேசவில்லை.

திரும்பும்போது வினிதா ஆபீஸ் போய்விட்டாள். காரில் நாங்கள் இரண்டு பேர்தான். எப்போதும் முன்னால் உட்காருகிறவள் பின் கதவைத் திறந்து, எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. நான் பெல்ட்டை மாட்டினேன். வண்டியை எடுத்தேன். வீட்டுக்குப் போகாமல் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகணும், பூ வாங்கணும், அதைக்கூட வினிதாவிடம்தான் சொல்லியிருந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் சிவப்பு விழுந்தது. முதல் வண்டி என்னுடையது. அந்தக் கான்ஸ்டபிள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மார்மேல் பெல்ட்டைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பின்னாலிருந்து அவள் கை வந்தது. என் தோள்மேல் இருந்த பெல்ட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அப்புறம் அந்தக் கை இரண்டு சீட்டுக்கும் நடுவால் கீழே இறங்கி, என் இடுப்பைத் தடவி, பூட்டைத் தேடிப் பிடித்து, கொக்கி உள்ளே இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தது.

இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"பச்ச வுழுந்துட்சி. போ" என்றாள்.